அட்டை போன காமிக்ஸின் பூர்வீகத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

கீழக்கரை, ராமேஸ்வரம் பக்கம் பழைய பேப்பர் கடையில் தமிழில் மொழிபெயர்த்த வெளிநாட்டுக் காமிக்ஸ் ஏதாவது அட்டை கிழிந்து சிக்கினால், முதலில் அதன் ஸ்டேப்ளர் பின்னைப் பாருங்கள். உப்புக் காற்றில் துருவேறி, சுற்றியுள்ள தாளையும் அரித்திருக்கும், அதனால் அகல விரிக்காமல் பாதி திறந்தபடியே பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள்.

தமிழ்ப் பெயரை வைத்துத் தேடினால் பாதி வழிதான் போக முடியும். நம்ம ரிப்போர்ட்டர் ஜானி, 1955-ல் பெல்ஜியத்தின் டின்டின் வார இதழில் அறிமுகமான ரிக் ஓஷே. இரும்புக்கை மாயாவி, 1962-ல் பிரிட்டனின் வேலியன்ட் இதழில் தொடங்கிய ஸ்டீல் க்ளா. ஆனால் அதை வரைந்த ஹெசூஸ் பிளாஸ்கோ ஸ்பெயின்காரர். ஓவியர் நாட்டை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள்.

பக்கக் கணக்கையும் நம்ப வேண்டாம், பாக்கெட் சைஸுக்காகக் கட்டங்களை இங்கே மாற்றி அடுக்கியிருக்கலாம். அதைவிட, கதை எங்கெங்கே பரபரப்பான கட்டத்தில் மூச்சு முட்ட நிற்கிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று பக்கத்துக்கு ஒருமுறை அப்படி நின்றால் பெரும்பாலும் வாரத் தொடர்தான்.

எனக்குப் பிடித்த துப்பு கார்கள். ஸ்டீயரிங் வலது பக்கம் என்றால் பிரிட்டன் பக்கம் தேடலாம், பழைய பிரெஞ்சு நம்பர் பிளேட் 75-ல் முடிந்தால் அது பாரிஸ் வட்டார வண்டி. கட்ட மூலையில் கையெழுத்து இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

சரி, இனி வசன பலூன் இல்லாத கட்டமாக ஒன்றை கூகுள் லென்ஸில் போடுங்கள். ஓவியர் பெயர் கிடைத்ததும் காமிக்ஸ் ஓவியர்களைப் பற்றிய இணையக் களஞ்சியமான லாம்பியெக் காமிக்லோபீடியாவில் அவர் வேலை செய்த இதழ்களைப் பார்த்து, ஒவ்வொன்றாக ஒப்பிடலாம்.