மானாவாரி நிலத்தில் வேலிமசால்

எங்கள் கரிசல் காட்டில் சித்திரை வெயிலுக்குக் கருகாமல் நிற்கும் தீவனம் வேலிமசால்தான். ஆடுகளும் விரும்பித் தின்கின்றன.

எல்லாமே விதையில்தான் இருக்கிறது. மேல்தோல் கல் மாதிரி கடினம். அப்படியே விதைத்தால் பாதிக்கு மேல் முளைக்காது. தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, சூடு சற்றுத் தணிந்து 80 டிகிரி அளவுக்கு வந்ததும் விதையைக் கொட்டி, 5 நிமிடத்தில் வடித்துவிட வேண்டும். கொதிக்கும்போதே போட்டால் விதை வெந்துவிடும். பிறகு குளிர்ந்த நீரில் ஓர் இரவு ஊறவைத்து, நிழலில் உலர்த்தி விதைக்கலாம்.

ஏக்கருக்கு 8 கிலோ போதும். புரட்டாசி மழை ஈரத்தில், 50 சென்டிமீட்டர் வரிசை இடைவெளியில், மேலாகத் தூவி மெல்லிய மண் மூட வேண்டும். முதல் மாதம் களையை விட்டுவைக்காதீர்கள். இளஞ்செடி மெதுவாகத்தான் எழும்பும்.

90 நாளில் முதல் வெட்டு. தரையோடு அறுக்கும் கைகளை நான் பார்த்த இடத்திலேயே நிறுத்திவிடுவேன். முழங்கால் உயரத்துக்குத் தண்டை விட்டால்தான் தழைக்கும். அதன்பின் ஈரம் இருந்தால் 40 நாளுக்கு ஒரு முறை அறுக்கலாம்.

வெள்ளைப் பூ எட்டிப் பார்க்கும்போதே அறுப்பது நல்லது. காய் பழுப்பேறி வெடித்தால் பக்கத்து வயலெல்லாம் முளைத்து, வரப்புச் சண்டைக்கு வழி செய்யும். விதைக்கென ஓர் ஓரத்தை மட்டும் விடுங்கள். தழையைத் தனியாகக் கொடுக்காமல், ஒரு பங்குக்கு இரு பங்கு சோளத்தட்டை கலந்து கொடுங்கள்.