புது கம்ப்யூட்டரில் பிராசசரை மாற்ற வேண்டி வந்தால்: ஒரு கல்யாண வீடியோ எடிட்டரின் அனுபவம்

வைகாசி முகூர்த்தங்களுக்கு முன்னால் அவசரமாகப் புது கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தேன். காவேரிப்பட்டணத்தில் எங்களுக்குச் சின்ன ஸ்டூடியோ. கேமரா வீட்டுக்காரர் கையில், எடிட்டிங் என் பொறுப்பு. ரைசன் 5 5600 பிராசசர், பி450 மதர்போர்டு, டிடிஆர்4 ராம் 16 ஜிபி, ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு. கார்டு நல்லதாக இருந்தால் எல்லாம் ஓடிவிடும் என்று நம்பினேன். முதல் கல்யாணத்தில் தாலி கட்டும் காட்சியை டைம்லைனில் போட்டேன். கெட்டிமேளம் ஓடுகிறது, மாப்பிள்ளையின் கை மட்டும் அப்படியே நிற்கிறது.

அன்று இரவே கடைக்கு ஓட வேண்டும் போலிருந்தது. ஓடாதீர்கள். எந்தப் பாகத்தை மாற்றுவது என்று தெரியாமல் போனால் இரண்டாவது முறையும் தப்பாகத்தான் வாங்குவோம். உங்கள் உண்மையான வேலையை ஓட்டிக்கொண்டே டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபாமன்ஸ் பக்கத்தைத் திறந்து வையுங்கள். ராம் நிரம்பி வழிந்தால் இன்னொரு ராம் போதும், அதோடு கதை முடிந்தது. எனக்கு ராமில் பாதி காலியாக இருந்தது. பிராசசர் நூறு சதவீதத்தில் முட்டி நின்றது. ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு) பகுதியில் ‘வீடியோ டிகோட்’, அதாவது சுருக்கிப் பதிந்த வீடியோவை விரித்துக் காட்டும் வேலைக்கான கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. கார்டு அந்த வீடியோவைத் தொடவே இல்லை.

காரணம் எங்கள் கேமரா. நிற விவரத்தை அதிகமாக வைத்திருக்கும் 10 பிட், 4:2:2 முறையில், ஹெச்.265 என்ற சுருக்கிய கோப்பாகப் பதிகிறது. கூறைப்புடவையின் அரக்கும் ஜரிகையும் கலர் கரெக்‌ஷனில் கெடாமல் இருக்க எங்களுக்கு அது வேண்டும். இந்த 4:2:2 வகையை ஆர்டிஎக்ஸ் 30 வரிசை கார்டுகளால் ஹார்டுவேரில் டிகோட் செய்ய முடியாது. 50 வரிசையில்தான் அந்த வசதி வந்தது. ஆனால் இன்டெல் 12-ஆம் தலைமுறை ஐ5 பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் அந்த வேலையைச் செய்துவிடும். கார்டைவிட பிராசசரும் போர்டும் மாற்றுவது எனக்கு மலிவு. காசே செலவழிக்காமல் ப்ராக்ஸி கோப்புகள் (எடிட்டிங்குக்கு மட்டுமான லேசான நகல்கள்) உருவாக்கி எடிட் செய்யும் வழியும் உண்டு. வைகாசி, ஆனி இரண்டு மாதமும் அப்படித்தான் ஓட்டினேன். மாதத்தில் ஒன்றிரண்டு கல்யாணம்தான் என்றால் உங்களுக்கு ப்ராக்ஸியே போதும். வாரத்துக்கு மூன்று என்றால் ப்ராக்ஸி உருவாகக் காத்திருப்பது தாங்காது.

மாற்றும் வேலையை ஆடியில் வைத்துக்கொண்டேன். கல்யாணம் இல்லாத மாதம், மெஷின் இரண்டு நாள் படுத்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

வாங்கும்போது இரண்டு விஷயங்களில் கண் வையுங்கள். ஐ5-12400 வேறு, 12400எஃப் வேறு. எஃப் இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. எனக்கு அது வாங்கியும் பயனில்லை. அடுத்தது போர்டு. இந்தப் பிராசசருக்கு டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. இரண்டு ராமுக்கும் நடுவெட்டு வேறு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றில் மற்றொன்று ஏறாது. டிடிஆர்4 போர்டாகப் பார்த்து எடுத்ததால் என் பழைய ராமே போதுமானதாக இருந்தது. கேபினட், பவர் சப்ளை, எஸ்எஸ்டி எதையும் மாற்றவில்லை.

கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டியவற்றைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கல்யாணக் கோப்புகளைத் தனி ஹார்டு டிஸ்கில் நகலெடுங்கள். விண்டோஸில் டிவைஸ் என்கிரிப்ஷன் (டிஸ்கைப் பூட்டி வைக்கும் வசதி) போட்டிருந்தால் அதன் 48 இலக்க ரெகவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள். போர்டு மாறியதும் விண்டோஸ் அதைக் கேட்கும். கீ இல்லையென்றால் உள்ளே இருப்பது நமக்கே திறக்காது. விண்டோஸ் லைசன்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துவிடுங்கள். போர்டு மாறினால் ஆக்டிவேஷன் போகும், கணக்கு வழியாகத் திரும்பக் கேட்டுப் பெற வழி இருக்கும். கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்த ஓஇஎம் லைசன்ஸ் என்றால் அது பழைய போர்டோடு போய்விடும்.

இனி என் தவறு. பழைய பிராசசரைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்று கடையில் கேட்டேன். “சீல் உடைச்ச பிராசசரை ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்மா, எக்ஸ்சேஞ்சுன்னா கொண்டு வா, பார்க்கலாம்” என்றார் கடைக்காரர். பிராசசரைத் தனியாக எடுக்க, குளிர்ந்து கிடந்த மெஷினில் அதன் மேலிருந்த கூலரை (குளிர்விக்கும் விசிறியை) நேராக மேலே தூக்கினேன். இரண்டுக்கும் நடுவில் தடவிய பேஸ்ட் காய்ந்து ஒட்டியிருந்ததால் சாக்கெட்டிலிருந்து பிராசசரும் கூலரோடு பிய்த்துக்கொண்டு வந்தது. அதன் அடியில் 1331 பின்கள். நான்கு சாய்ந்துவிட்டன. எனக்குக் கை நடுங்கியது. லெட் எடுத்த மெக்கானிக்கல் பென்சிலின் குழல் முனையை ஒவ்வொரு பின்னிலும் நுழைத்து, மூச்சைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினேன். ஒரு மணி நேரம் ஆனது. பழைய போர்டிலேயே திரும்ப மாட்டி டிஸ்ப்ளே வருவதைப் பார்த்த பிறகுதான் சாப்பிட்டேன்.

நீங்கள் ஏஎம்4 (என் ரைசன் 5600 உட்காரும் சாக்கெட் வகை) கூலரைக் கழற்றுவதாக இருந்தால் முதலில் பத்து நிமிடம் மெஷினை ஓட்டுங்கள், பேஸ்ட் இளகட்டும். பிறகு அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒரு முறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை விடுங்கள். கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகுங்கள். பிடி விட்டது கைக்குத் தெரியும், அப்புறம் தூக்குங்கள். பழையதை போர்டும் பிராசசருமாகச் சேர்த்து விற்கப் போகிறீர்கள் என்றால் கூலரைத் தொடவே வேண்டாம். போர்டை அப்படியே முழுதாக எடுத்துவிடுங்கள். பின்களுக்கு சாக்கெட்டைவிடப் பத்திரமான இடம் இல்லை.

இன்டெலில் நிலைமை தலைகீழ், பின்கள் போர்டில் இருக்கும். விரல் படக் கூடாது. முக்கோணக் குறியை முக்கோணத்தோடு சேர்த்து, அழுத்தாமல் வையுங்கள். லிவரை இறக்கும்போது நிறைய பலம் கேட்கும், பயப்பட வேண்டாம். சாக்கெட்டின் கறுப்பு மூடி தானாகத் தெறித்து வரும். அந்த மூடியைப் பத்திரப்படுத்துங்கள், வாரண்டிக்குப் போர்டு அனுப்பும்போது தேவை. பெட்டியோடு வரும் கூலரின் நான்கு முளைகளையும் கேபினட்டுக்கு வெளியிலேயே, மூலைக்கு மூலை எதிராக அழுத்திப் பூட்டுங்கள். புதுப் போர்டு சின்னதாக இருந்தால், ஓட்டை இல்லாத இடத்தில் நிற்கும் பித்தளை முளையைக் கேபினட்டிலிருந்து கழற்றிவிடுங்கள். போர்டின் அடியில் அது பட்டால் ஷார்ட் ஆகும். ராம் இரண்டு என்றால் பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட். வேறு பவர் சப்ளையின் கேபிள் கையில் கிடந்தால் அதை மாட்டாதீர்கள். முனை பொருந்தும், உள்ளே வயர் வரிசை வேறாக இருக்கும், எஸ்எஸ்டி போய்விடும்.

முதல் முறை ஆன் செய்ததும் திரை சில நிமிடம் இருட்டாக இருக்கலாம், பொறுங்கள். மானிட்டர் கேபிள் கார்டிலேயே இருக்கட்டும். ஆனால் கார்டு இருப்பதால் உள் கிராபிக்ஸைப் பயாஸ் (போர்டின் அடிப்படை செட்டிங்ஸ்) தூங்க வைத்திருக்கும். பயாஸில் ‘ஐஜிபியு மல்டி மானிட்டர்’ என்பதை எனேபிள் செய்து, விண்டோஸில் இன்டெல் டிரைவர் போட்டு, பிரீமியர் எடிட்டிங் மென்பொருளின் செட்டிங்ஸில் மீடியா பகுதிக்குப் போய் ஹார்டுவேர் டிகோடிங்கில் இன்டெலை டிக் செய்யுங்கள். நான் அதே தாலி கட்டும் காட்சியைப் போட்டுப் பார்த்தேன். மூன்று முடிச்சும் நிற்காமல் விழுந்தது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டு இன்னொரு முறை ஓட்டினேன்.

பழைய போர்டும் பிராசசரும் பர்கூரில் இன்ஜினியரிங் படிக்கும் ஒரு தம்பிக்குப் போனது. கழற்றும் முன்பே அவை ஓடுவதை வீடியோ எடுத்து வைத்திருந்தேன், ஜிஎஸ்டி பில்லும் பெட்டியும் கொடுத்தேன். 5600-இல் உள் கிராபிக்ஸ் இல்லை, கார்டு இல்லாமல் டிஸ்ப்ளே வராது என்று முதலிலேயே சொன்னேன். பின் சாய்ந்து நிமிர்த்தியதையும் சொல்லி, அதற்காக ஆயிரம் ரூபாய் குறைத்துக்கொண்டேன். “பரவாயில்லக்கா, ஓடுதில்ல” என்று வாங்கிக்கொண்டான். கூலரை எப்படித் திருகிக் கழற்ற வேண்டும் என்று அவன் கையாலேயே ஒரு முறை செய்ய வைத்துத்தான் அனுப்பினேன்.