எஸ்க்யூஎல் பழக இலவச மென்பொருள்: எஸ்க்யூலைட்டில் தொடங்கும் முறை

தரவுத்தளங்களைக் கையாளும் மொழியான எஸ்க்யூஎல் கற்க வருவோர் பலர், முதல் க்வெரியை (தரவைக் கேட்டுப் பெறும் கட்டளையை) எழுதுவதற்கு முன்பே, மென்பொருளை நிறுவுவதிலேயே களைத்துப்போகின்றனர். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரஸ், எஸ்க்யூஎல் சர்வரின் எக்ஸ்பிரஸ் பதிப்பு எனப் பணம் கட்டாமல் கிடைக்கும் தரவுத்தள மென்பொருள்கள் பல உண்டு. ஆனால் இவை சர்வர் வகையைச் சேர்ந்தவை என்பதால், பின்னணியில் ஒரு சேவையை ஓடவிட்டு, பயனர் பெயர், கடவுச்சொல், போர்ட் எண் ஆகியவற்றை அமைத்த பிறகுதான் எதையும் எழுதிப் பார்க்க முடியும். பயிற்சிக்கு அவ்வளவும் தேவையில்லை, எஸ்க்யூலைட் போதும். ரிச்சர்ட் ஹிப் 2000-ஆம் ஆண்டில் உருவாக்கிய இதற்குக் காப்புரிமைக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. தரவுத்தளம் முழுவதும் ஒரே கோப்பில் அடங்கிவிடும். பழகி முடித்தபின் அக்கோப்பை அழித்தால் வேலை முடிந்தது.

படி 1: 'டிபி பிரவுசர் ஃபார் எஸ்க்யூலைட்' என்ற இலவச மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்தே பதிவிறக்கவும். எஸ்க்யூலைட் இதற்குள்ளேயே இருப்பதால் தனியாக நிறுவ வேண்டாம். நிறுவுவதற்கு அனுமதி இல்லாத அலுவலகக் கணினி என்றால், விண்டோசுக்கான ஜிப் கோப்பைப் பிரித்து அப்படியே இயக்கலாம்.

படி 2: 'நியூ டேட்டாபேஸ்' பொத்தானை அழுத்திக் கோப்புக்குப் பெயரிடவும். உடனே அட்டவணை அமைக்கும் சாளரம் ஒன்று திறக்கும். கையால் எழுதிப் பழகுவதே நோக்கம் என்பதால் அதை மூடிவிட்டு, 'எக்ஸிக்யூட் எஸ்க்யூஎல்' பகுதிக்குச் சென்று கீழ்க்கண்டவற்றை எழுதவும். கட்டளைச் சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். அட்டவணைக்கும் அதன் பத்திகளுக்கும் (நெடுவரிசைகளுக்கும்) தமிழிலேயே பெயர் வைக்கலாம், எஸ்க்யூலைட் தடையின்றி ஏற்கும்.

கிரியேட் டேபிள் செலவு (பொருள் டெக்ஸ்ட், வகை டெக்ஸ்ட், தொகை இன்டிஜர்);

இன்சர்ட் இன்டூ செலவு வேல்யூஸ் ('தக்காளி', 'காய்கறி', 40), ('வெங்காயம்', 'காய்கறி', 60), ('துவரம் பருப்பு', 'மளிகை', 180);

எஃப்5 விசையை அழுத்தினால் இரண்டும் இயங்கும்.

படி 3: எழுதும் பகுதியிலுள்ள அந்தக் கட்டளைகளை அழித்துவிட்டு, கூட்டுத்தொகை கேட்கும் க்வெரியை எழுதவும்.

செலக்ட் வகை, சம்(தொகை) ஃப்ரம் செலவு குரூப் பை வகை;

காய்கறிக்கு 100, மளிகைக்கு 180 என விடை வரும்.

படி 4: எந்த வரிசைகளை அழிக்க வேண்டும் என்று வரையறுக்கும் 'வேர்' நிபந்தனை இல்லாமல் 'டெலீட் ஃப்ரம் செலவு;' என்று துணிந்து இயக்கிப் பாருங்கள். அட்டவணை காலியாகிவிடும். 'ரைட் சேஞ்சஸ்' பொத்தானை அழுத்தும்வரை எந்த மாற்றமும் கோப்பில் நிலைபெறாது. ஆகவே 'ரிவர்ட் சேஞ்சஸ்' கொடுத்தால், கடைசியாகச் சேமித்த நிலைக்குத் திரும்பிவிடலாம். அதற்காகவே படி 3 முடிந்ததும் ஒருமுறை 'ரைட் சேஞ்சஸ்' கொடுத்துவைப்பது நல்லது; இல்லையெனில் அட்டவணையே காணாமல் போகும். புதியவர்களுக்கு இம்மென்பொருளை நான் பரிந்துரைப்பதற்கு இந்த வசதியே முதற்காரணம்.

எஸ்க்யூலைட்டின் குறை ஒன்றையும் இப்போதே கண்டுகொள்வது நல்லது. முருங்கைக்காய்க்கு உரிய தொகையை 20 என எழுதாமல் 'இருபது' என எழுத்தில் சேர்த்துப் பாருங்கள். தொகை என்பது எண்ணுக்கான பத்தி என்று அறிவித்திருந்தும், எஸ்க்யூலைட் மறுக்காமல் வாங்கிக்கொள்ளும். பிறகு கூட்டுத்தொகை கேட்டால் அச்சொல்லைப் பூச்சியமாகக் கருதிக் காய்கறிக்கு 100.0 என்று காட்டும். பிழைச்செய்தி எதுவும் வராது. அட்டவணையை உருவாக்கும் கட்டளையின் இறுதியில், அடைப்புக்குறிக்குப் பின், 'ஸ்டிரிக்ட்' என்று சேர்த்தால் இத்தகைய பதிவு நிராகரிக்கப்படும். இதற்கு 2021-இல் வந்த எஸ்க்யூலைட் 3.37 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு தேவை.

ஜாயின் (அட்டவணைகளை இணைத்தல்), சப்க்வெரி (க்வெரிக்குள் க்வெரி) வரை கைவந்த பிறகு போஸ்ட்கிரசுக்கு மாறலாம். 1986-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆய்வுத் திட்டமாகத் தொடங்கிய அது, இன்றும் முழுமையாக இலவசம். எஸ்க்யூலைட்டில் இல்லாத பயனர் கணக்குகள், 'கிராண்ட்' மூலம் அனுமதி வழங்குதல் போன்றவற்றை அங்கேதான் பழக முடியும். நிறுவும்போது கேட்கப்படும் கடவுச்சொல்லைக் குறித்துவைத்துக்கொண்டு, போர்ட் எண்ணை 5432 என்றே விட்டுவிடுங்கள். ஆனால் அங்கே 'ரிவர்ட்' பொத்தானை எதிர்பார்க்கக் கூடாது: கட்டளை இயங்கியவுடன் மாற்றம் நிலைபெற்றுவிடும் என்பதால், எதையும் அழிக்கும் முன் 'பிகின்;' என்று எழுதி இயக்கவும்; விளைவு சரியென்றால் 'கமிட்;', தவறென்றால் 'ரோல்பேக்;'.