தொழிலதிபர் வேட்பாளரின் படிவம் 26-ஐப் படிப்பது எப்படி

தொழில் நடத்திக்கொண்டே பொருளாதாரக் கொள்கை பேசும் அரசியல்வாதியைப் பேச்சை மட்டும் வைத்து எடைபோட முடியாது. சொத்துக் கணக்கு, நிறுவனப் பதிவுகள், அவையில் கேட்ட கேள்விகள் மூன்றையும் ஒரே காலவரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும். மூன்றும் பொதுவில் கிடைப்பவைதான்.

வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரம்தான் படிவம் 26. தேர்தல் ஆணையத்தின் தளத்தில் பார்க்கலாம்; பழைய தேர்தல்களுடையது, தேர்தல் சீர்திருத்தத்துக்காகச் செயல்படும் ஏடிஆர் அமைப்பின் மைநேட்டா தளத்தில் இருக்கும். அடுத்தடுத்த இரண்டு தேர்தல்களின் பத்திரங்களாவது வேண்டும். தனியாக ஒன்றைப் பார்த்தால் பெரும்பாலும் தவறான முடிவுக்கே வருவோம்.

சொத்து மூன்று மடங்கானது என்று உடனே எழுதிவிடாதீர்கள். நிலத்துக்கு வாங்கிய தேதி, வாங்கிய விலை, இன்றைய சந்தை மதிப்பு எல்லாம் தனித்தனியே தரப்பட்டிருக்கும். புதிதாக வாங்கிய சொத்து எது, விலை ஏறிய பழைய சொத்து எது என்று முதலில் பிரியுங்கள். பங்குகளில் இன்னொரு சிக்கல் உண்டு. பட்டியலிடப்பட்ட நிறுவனமென்றால் சந்தை விலை. பட்டியலிடப்படாததென்றால் கணக்குப் புத்தக மதிப்பு. அதனால் பல கோடி பெறுமான குடும்ப நிறுவனம் சில லட்சங்களாகத் தெரியக்கூடும்.

ஐந்து ஆண்டு வருமானப் பத்தியும் அப்படித்தான். கூட்டு நிறுவனத்தில் (பார்ட்னர்ஷிப்) பங்குதாரருக்கு வரும் லாபப் பங்குக்கும் விவசாய வருமானத்துக்கும் வரிவிலக்கு உண்டு. அவை மொத்த வருமானத்தில் சேராது. வருமானம் குறைவு, சொத்து அதிகம் என்பது மட்டுமே முறைகேட்டுக்கு ஆதாரமாகாது. கணவர் அல்லது மனைவி, சார்ந்திருப்போர் கணக்கு படிவத்தில் வரும். சொந்தக் காலில் நிற்கும் பிள்ளைகளுடையது வராது. படிவத்தின் பெரிய ஓட்டை அதுதான்.

அதிகம் பேர் தாண்டிப்போகும் பகுதி அரசு ஒப்பந்தங்கள். 2018 திருத்தத்துக்குப் பிறகு வேட்பாளர், குடும்பத்தினர் பெயரில் உள்ளவற்றோடு, அவர்கள் பங்குதாரராக உள்ள கூட்டு நிறுவனம், பங்கு வைத்திருக்கும் தனியார் நிறுவனம் ஆகியவற்றின் ஒப்பந்தங்களையும் காட்ட வேண்டும். ‘இல்லை’ என்று எழுதியிருந்தால், அந்த நிறுவனங்களின் பெயரை அரசு டெண்டர் தளங்களில் ஒப்பந்தம் வழங்கப்பட்ட பட்டியலில் தேடுங்கள்.

அடுத்து கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளம். பெயர் ஒற்றுமையால் ஆள் மாறிவிடும். எட்டு இலக்க இயக்குநர் எண்ணை உறுதிசெய்த பிறகே குறித்துக்கொள்ளுங்கள். அமைச்சராகப் பதவியேற்கும் முன் இயக்குநர் பொறுப்பிலிருந்து விலகியிருப்பார். பங்கு அவரிடமே இருக்கலாம். அதை நிறுவனம் ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் எம்ஜிடி-7 படிவத்தில் பாருங்கள். கூட்டு நிறுவனங்கள் இந்தத் தளத்தில் வரவே வராது. எல்எல்பி எனப்படும் வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கூட்டு நிறுவனம் மட்டும் வரும்.

மூன்றாவது, அவை. நாடாளுமன்றத் தளத்தில் உறுப்பினர் பெயரைக் கொடுத்தால் கேள்விகள் வரும். அமைச்சரானவர் கேள்வி கேட்பதில்லை, அமைச்சகங்களின் பணியை ஆராயும் எம்.பி.க்கள் குழுவான துறைசார் நிலைக்குழுவிலும் இருக்க முடியாது. அவருக்கு அதற்கு முந்தைய காலத்தைத் தேடுங்கள். நிலைக்குழு அறிக்கைகளின் பின்னிணைப்பில் வருகையும் மாற்றுக் கருத்துக் குறிப்புகளும் இருக்கும். தன் தொழிலைத் தொடும் வரி பற்றி ஒருவர் எந்தத் தேதியில் என்ன கேட்டார் என்பதை அவருடைய பங்கு நிலவரத்துக்குப் பக்கத்தில் எழுதினால் விஷயம் தெளிவாகும்.

நலன் முரண்பாட்டையும் நிர்வாகப் பொறுப்பையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். தொழில் துறையிலிருந்து வந்த நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958-ல் முந்த்ரா விவகாரத்தில் பதவி விலகினார். 1957 டிசம்பரில் ஃபெரோஸ் காந்தி மக்களவையில் கிளப்பிய விவகாரம் அது. அங்கே பிரச்சினை அவருடைய சொந்த வியாபாரம் அல்ல. எல்ஐசி பணம் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனங்களில் முதலீடானதற்கு அமைச்சர் பொறுப்பு என்றது நீதிபதி எம்.சி. சாக்ளாவின் விசாரணை. உங்கள் அட்டவணையில் இவ்விரண்டுக்கும் தனித்தனிப் பத்தி வையுங்கள்.

மாநிலங்களவை உறுப்பினரென்றால் ஒரு ஆவணம் கூடுதல்: உறுப்பினர் நலன் பதிவேடு. ஊதியமுள்ள இயக்குநர் பதவி, கட்டுப்பாட்டு அளவிலான பங்கு, ஊதியம் பெறும் ஆலோசனைப் பணி ஆகியவை அதில் இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மாநிலங்களவைச் செயலகத்துக்கு விண்ணப்பித்துப் பெறலாம்.