ஒரே படம், நான்கு முறைகள்: பிரிண்ட்மேக்கிங் கற்க வந்தவர்களுக்கு

கவின் கலைக் கல்லூரியில் பிரிண்ட்மேக்கிங், அதாவது கையால் அச்செடுக்கும் கலையை, எடுத்து வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்டுக்கொள்வது இதுதான்: ஒரு படத்தை வரைந்துகொண்டு, அதையே லினோ (லினோலியத்தில் செதுக்குவது), எட்சிங் (உலோகத் தகட்டை அமிலத்தால் அரிப்பது), லித்தோ (கல்லில் வரைந்து அச்செடுப்பது), ஸ்கிரீன் (வலைத்துணி வழியாக மையைத் தள்ளுவது) நான்கிலும் போட்டுப் பாருங்கள். படம் மாறாமல் இருந்தால்தான் எந்த முறை உங்கள் கோட்டை என்ன செய்கிறது என்று தெரியும்.

லினோவில் தொடங்குங்கள். படம் இடம்வலமாகத் திரும்பி விழும் என்பதால், எழுத்து இருந்தால் டிரேசிங் பேப்பரைக் கவிழ்த்து நகலெடுங்கள். லினோவைப் பிடிக்கும் கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருக்கட்டும். மையைக் கண்ணாடி மேல் ரோலரால் மெல்லிசாகப் பரப்புங்கள். சர்ரென்று சீரான சத்தம் வந்தால் சரி. பிசுபிசுவென்று ஒட்டி ஒட்டி வந்தால் மை அதிகம். பிரஸ் காலியாக இல்லையா? காகிதத்தின் முதுகில் மரக்கரண்டியால் தேய்த்தே எடுத்துவிடலாம்.

அதிக நாட்களை எட்சிங்குக்குக் கொடுங்கள். துத்தநாகத் தகட்டின் ஓரங்களை அரத்தால் சரிவாக ராவுங்கள். கூராக விட்டால் பிரஸ்ஸின் கம்பளியை அறுத்துவிடும். சாக் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீர் முத்து முத்தாகத் திரளாமல் படலமாக நின்றால் எண்ணெய்ப்பசை போய்விட்டது. அப்புறம் மேலே கிரவுண்ட் (அமிலம் படாமல் தடுக்கும் பூச்சு), பின்பக்கம் வார்னிஷ், கிரவுண்டைக் கீறி ஊசியால் கோடு. நைட்ரிக் அமிலத்தைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும். தண்ணீரை அமிலத்தில் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கையுறை, கண்ணாடி, ஓடுகிற எக்ஸாஸ்ட் ஃபேன் மூன்றும் இல்லாமல் அமிலத் தட்டுப் பக்கம் போகாதீர்கள். கோட்டில் எழும் குமிழிகளை இறகால் நீக்குங்கள்.

முதலில் ஒரு துண்டுத் தகட்டில் 2, 5, 10, 20 நிமிடம் என்று பகுதி பகுதியாக மறைத்து அரிக்கவிட்டு அச்செடுங்கள். அதைச் சுவரில் ஒட்டிவையுங்கள். அந்தத் துண்டுதான் உங்களுக்கு நிஜமான பாடப்புத்தகம்.

அடுத்து மை துடைப்பது. இதை யாரும் அவசரப்படுத்த விடாதீர்கள். மையைக் கோடுகளுக்குள் அழுத்தி நிரப்பி, கஞ்சி போட்ட வலைத்துணியைப் பந்தாகச் சுருட்டி வட்டமாகத் துடையுங்கள். கடைசியில் உள்ளங்கையின் ஓரத்தால் லேசாக. அழுத்தினால் கோட்டிலிருந்தே மை வெளியே வந்துவிடும். காகிதம் ஊறி, ஒற்றியெடுத்த பின் ஈரம் மினுங்காமல் இருக்க வேண்டும். தகடு ஒன்றுதான், துடைக்கும் கையைப் பொறுத்து அது விடியலாகவும் விழும், அந்தியாகவும் விழும். எனக்கு இந்தக் கலையின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

எட்சிங் தகட்டிலேயே பல நிறம் வேண்டுமா? சித்தூர்ப் பக்கத்தில் பிறந்த அச்சுக் கலைஞர் கிருஷ்ணா ரெட்டி 1940களின் இறுதியில் சென்னைக் கலாக்ஷேத்ராவில் ஓவியம் கற்றுக்கொடுத்தவர். பிறகு பாரிஸில் ஆங்கிலேய அச்சுக் கலைஞர் ஹேய்ட்டரின் அட்டெலியே 17 என்ற அச்சுக்கூடத்தில் விஸ்காசிட்டி (மையின் கெட்டித்தன்மை) முறையை வளர்த்தவர்களில் ஒருவர். எண்ணெய் கூடிய மை இருக்கும் இடத்தில் கெட்டி மை ஒட்டாது. அதை வைத்து ஒரே தகட்டில் பல நிறம். எட்சிங் கைவந்த பிறகு இதைத் தொடுங்கள்.

லித்தோவில் கல்லை மட்டும் எப்போதும் ஈரமாக வைத்திருங்கள். காய்ந்தால் படம் இல்லாத இடத்திலும் மை ஏறும். ஸ்கிரீனை டி-ஷர்ட் அச்சடிக்கும் கடையில் நின்று பார்த்தாலே பாதி புரிந்துவிடும்.

எண் போடும் முன் எல்லாப் பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் பரப்பிப் பாருங்கள். ஒத்துப்போகாததை விலக்கிவிட்டு, மிச்சத்துக்குப் பென்சிலால் 1/10, 2/10 (பத்துப் பிரதிகளில் முதலாவது, இரண்டாவது) என்று போடுங்கள். படிப்பு முடிந்து பிரஸ் இல்லாமல் தவித்தால், சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதெமியின் மண்டல மையத்தில் கிராஃபிக்ஸ் கூடம் இருக்கிறது. போய்க் கேளுங்கள்.