சென்னை மியூசியங்களை முதல்முறை பார்க்கப் போகிறீர்களா? இப்படித் தொடங்குங்கள்

போன தலைமுறை வரை சென்னையில் எழும்பூர் மியூசியத்துக்கு 'செத்த காலேஜ்' என்றுதான் பெயர். மிருகக்காட்சிசாலை 'உயிர் காலேஜ்'. 1851-இல் இந்த அருங்காட்சியகம் தொடங்கியபோது நுங்கம்பாக்கத்தில் இருந்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் மாடியில்தான் இருந்தது, சில ஆண்டுகள் கழித்துத்தான் இப்போதுள்ள பாந்தியன் சாலைக்கு வந்தது. அந்தக் கல்லூரி உறவால்தான் 'காலேஜ்' ஒட்டிக்கொண்டது என்று சொல்வார்கள். நம்மில் பலர் இந்தச் செத்த காலேஜைப் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனபோது பார்த்ததோடு சரி. முன்னால் போகிறவன் தோளில் கை வைத்து வரிசையாக ஒரு மணி நேரம் நடந்தோம், திமிங்கல எலும்புக்கூடு மட்டும் மனதில் நின்றது, மற்றதெல்லாம் மறந்துபோனது.

அதனால் இப்போது, வளர்ந்த பிறகு, முதல்முறை போவது போலப் போய்ப் பாருங்கள் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் எல்லோருக்கும் சொல்லும் கணக்கு எளிது: ஒரு நாளைக்கு ஓர் இடம், ஓர் இடத்தில் நாலு பொருள். மிஞ்சினால் ஐந்து. அந்த நாலையும் உட்கார்ந்து, சுற்றி வந்து, பின்பக்கம் எட்டிப் பார்த்துப் பார்க்க வேண்டும்.

படி 1: கிழமை பார்த்துக் கிளம்புங்கள்

எழும்பூர் மியூசியமும் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் கோட்டை மியூசியமும் வெள்ளிக்கிழமை விடுமுறை. பழைய வீடுகளைக் காட்சிக்கு வைத்திருக்கும் முட்டுக்காடு தட்சிணசித்ரா செவ்வாய் விடுமுறை. ரயில் மியூசியம் திங்கள். ஞாயிறுதான் விடுமுறை இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை லீவு போட்டுக் கிளம்புகிறவர்கள் நிறையப் பேர், அதனால்தான் இதை முதல் படியாக வைக்கிறேன். முடிந்தால் வார நாளில் காலை திறந்தவுடன் போய்விடுங்கள். பள்ளிக்கூடப் பேருந்துகள் வருவதற்குள் வெண்கலக் கூடத்தில் ஒரு மணி நேரம் அமைதியாகக் கிடைத்தால் அது பெரிய பாக்கியம்.

படி 2: கையில் என்ன இருக்க வேண்டும்

தண்ணீர், ஒரு சின்ன நோட்டு, பென்சில். சில்லறை இருக்கட்டும், ஏனென்றால் எழும்பூரில் கேமராவுக்குத் தனிக் கட்டணம். கோட்டைக்குப் போகும் நாளில் அடையாள அட்டை கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள், தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் அதே வளாகத்தில் இருப்பதால் நுழைவாயிலில் சோதனை உண்டு. நோட்டு எதற்கு என்று கேட்பீர்கள். பிடித்த சிலையைக் கிறுக்கலாகவாவது வரைந்து பாருங்கள். எத்தனை கை, எந்தக் கால் மடங்கியிருக்கிறது, காதில் இரண்டு பக்கமும் ஒரே தோடா என்பதெல்லாம் வரையும்போதுதான் கண்ணில் படும். போட்டோ எடுத்துவிட்டால் பார்த்துவிட்டோம் என்று மனம் அடுத்ததற்குப் போய்விடுகிறது.

படி 3: முதல் நாள் எழும்பூர், அதிலும் முதலில் வெண்கலம்

எழும்பூர் ரயில் நிலையத்தில் மின்சார ரயிலோ மெட்ரோவோ விட்டு இறங்கி நடந்தே போய்விடலாம், வெயில் என்றால் ஆட்டோ. உள்ளே பல கட்டடங்கள். டிக்கெட் வாங்கும்போதே வெண்கலக் காட்சிக்கூடம் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு நேராக அங்கே போங்கள். மற்றக் கட்டடங்களில் சுற்றிக் கால் ஓய்ந்த பிறகு அங்கே போனால் அநியாயம்.

உள்ளே போனதும் சிலையின் முகத்தைப் பார்க்காதீர்கள். பீடத்தைப் பாருங்கள். ஓட்டைகளோ வளையங்களோ இருக்கும். கருவறையில் கல்லால் ஆன மூலவர் அசைய மாட்டார், திருவிழாவுக்கு வீதியில் வருகிறவர் உற்சவர். அவரைப் பல்லக்கிலோ வாகனத்திலோ கட்டுவதற்குத்தான் அந்த ஓட்டைகள். அதாவது நீங்கள் பார்ப்பது பெட்டிக்குள் நிற்கச் செய்யப்பட்ட பொருளே இல்லை, பட்டும் பூவும் சாத்தி, ஆள் தோளில் குலுங்கிக்கொண்டு தெருவில் வரச் செய்யப்பட்டது. நாம் இன்றும் கோயிலில் உற்சவரை முகமும் கையும் மட்டும் தெரியத்தான் பார்க்கிறோம். அந்தத் துணிக்குள் என்ன இருக்கிறது, இடுப்பு எப்படி ஒசிகிறது, முதுகில் பூணூல் எப்படி இறங்குகிறது என்பதைப் பார்க்கக் கிடைக்கும் இடம் இதுதான்.

அடுத்து, மூக்கையும் கண்ணையும் பாருங்கள். சில சிலைகளில் முகம் தேய்ந்து வழுவழுப்பாக இருக்கும், நூற்றாண்டுக் கணக்கில் அபிஷேகம் பண்ணித் துடைத்துத் துடைத்து வந்த தேய்மானம் அது. சில சிலைகளில் நகக்கண் வரை கூர்மையாக இருக்கும். இவை பெரும்பாலும் மண்ணுக்குள் கிடந்தவை. படையெடுப்பு வரும் என்ற பயத்தில் கோயில்காரர்கள் உற்சவர்களைப் புதைத்து வைத்தார்கள், பிறகு புதைத்த இடம் தெரிந்தவர்கள் யாரும் மிஞ்சவில்லை. வீடு கட்டத் தோண்டும்போதோ வயலில் உழும்போதோ கிடைத்தால் 1878-இன் புதையல் சட்டப்படி அரசிடம் ஒப்படைக்க வேண்டும், அப்படித்தான் பல சிலைகள் இங்கே வந்து சேர்ந்தன.

இன்னொன்றும் தெரிந்து வைத்துக்கொண்டு போங்கள். இவை மெழுகு வார்ப்பில் செய்தவை. சிலையை முதலில் மெழுகில் செய்து, மேலே மண் பூசிக் காயவைத்து, சூடு பண்ணி மெழுகை வடித்துவிட்டு அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறிய பிறகு மண்ணை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். மெழுகும் போயிற்று, அச்சும் போயிற்று. அதனால் ஒன்றைப் போல இன்னொன்று இருக்கவே முடியாது. சுவாமிமலையில் ஸ்தபதிகள் இன்றும் இப்படித்தான் வார்க்கிறார்கள்.

சரி, வெண்கலக் கூடத்தில் என் மூன்று பொருள்கள்.

திருவாலங்காட்டு நடராஜர். பக்கத்தில் இருக்கும் மற்ற நடராஜர்களை முதலில் பார்த்துவிட்டு இவரிடம் வாருங்கள். சுற்றிலும் நெருப்பு வட்டமாக வரும் திருவாசி இவருக்கு இல்லை, இரண்டு பக்கமும் பறக்கும் விரிசடையும் இல்லை. நமக்குப் பழகிய அடையாளங்கள் எல்லாம் போன பிறகும் ஆட்டம் மட்டும் அப்படியே நிற்கிறது, அதுதான் அதிசயம். பிரெஞ்சுச் சிற்பி ரோதின் இதை நேரில் பார்த்ததே இல்லை, புகைப்படங்களை வைத்துக்கொண்டு 1913-இல் இதைப் பற்றி உருகி எழுதினார். நாம் எழும்பூரில் இறங்கி நடந்து போய்ப் பார்க்கலாம்! பார்த்த பிறகு ஒரு நாள் அரக்கோணம் ரயிலில் திருவாலங்காட்டுக்கும் போய்வாருங்கள். நடராஜர் ஆடிய ஐந்து சபைகளில் ரத்தின சபை அது, காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்ததாகச் சொல்லும் தலம்.

இரண்டாவது, திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர். கைகளை எண்ணுங்கள். மூன்றுதான். வலப்பக்கம் சிவனுக்கு இரண்டு, இடப்பக்கம் அம்மைக்கு ஒன்று. நேர் முன்னால் நின்று ஒரு காகிதத்தால் பாதி உடம்பை மறைத்துப் பாருங்கள், பிறகு மறுபாதியை. இரண்டு வேறு ஆட்கள் தெரிவார்கள். காகிதத்தை எடுத்தால் ஒரே ஆள். இடுப்பு வளைவை எங்கே தொடங்கி எங்கே முடித்திருக்கிறார் அந்தச் சிற்பி என்று நான் ஒவ்வொரு முறையும் தேடுகிறேன், பிடிபடவில்லை. (திருவெண்காடு என்றதும் ரிஷபத்தின் மேல் கை சாய்த்து நிற்கும் சிவனைத் தேடாதீர்கள், அவர் தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் இருக்கிறார்.)

மூன்றாவது ராமர். கை வில்லைப் பிடித்த பாவனையில் இருக்கும், வில் இருக்காது, ஏனென்றால் வில்லைத் தனியாகச் செய்து கையில் வைப்பது வழக்கம். என் அம்மாவை முதல்முறை கூட்டிப்போனபோது செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு இவர் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். பிறகு, "இவருக்கு யார் விளக்கு ஏத்துவாங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கும்பிட வேண்டும் என்று தோன்றினால் கும்பிடுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

படி 4: அமராவதி யானை

வெண்கலம் முடிந்ததும் வெளியே வந்து மரத்தடியில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். அப்புறம் அமராவதிச் சிற்பங்கள். கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த பெரிய பௌத்தத் தூபியின் கற்கள் இவை, வெளிர் பச்சை சாயல் உள்ள சுண்ணாம்புக்கல். 1845-இல் ஆங்கிலேய அதிகாரி வால்ட்டர் எலியட் தோண்டியெடுத்தவற்றில் பல பின்னர் லண்டனுக்குப் போய் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன, இன்னொரு பெரும் பகுதி நம்மிடம்.

அங்கே ஒரு வட்டக் கல்லைத் தேடுங்கள், நளகிரி யானை உள்ளது. புத்தரைக் கொல்ல அவருடைய உறவினன் தேவதத்தன் மதம் பிடித்த யானையை ராஜகிருகத்துத் தெருவில் அவிழ்த்துவிடுகிறான். ஒரே வட்டத்துக்குள் அந்த யானை இரண்டு தடவை வருகிறது: ஒரு பக்கம் ஆட்களைத் துவம்சம் பண்ணுகிறது, மறுபக்கம் புத்தர் காலடியில் மண்டியிடுகிறது. நடுவில் அலறியோடும் கூட்டம், மேலே மாடியில் எட்டிப் பார்க்கும் முகங்கள். சினிமா ரீல் மாதிரி இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். குழந்தைகளோடு போனால் யானை எத்தனை என்று கேளுங்கள், 'ரெண்டு' என்பார்கள், ஒன்றுதான் என்று சொல்லிக் கதையைத் தொடங்குங்கள்.

இன்னும் தெம்பு இருந்தால் தொல்பழங்காலப் பகுதி. 1863-இல் நிலவியல் ஆய்வாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கல் கோடரியைக் கண்டெடுத்தார், இந்தியாவில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்ததற்கான ஆராய்ச்சியே அந்தக் கல்லில்தான் தொடங்கியது. அவர் சேர்த்த கருவிகளை 1904-இல் இந்த அருங்காட்சியகம் வாங்கியது. பல்லாவரத்திலிருந்து மின்சார ரயிலில் வருகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆதிச்சநல்லூர்ப் பொருள்களும் உண்டு. திமிங்கலத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், அது எங்கும் போகாது.

படி 5: கோட்டை

வேறொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். தாம்பரம் கடற்கரை ரயிலில் கோட்டை நிலையத்தில் இறங்கலாம். மியூசியம் இருக்கும் கட்டடம் 1795-இல் முடிந்தது, மெட்ராஸ் வங்கி அங்கே நடந்திருக்கிறது, 1948-இல் மியூசியம் ஆனது. நாணயம், வாள், கவர்னர்களின் ஆளுயர ஓவியங்கள் என்று நிறைய உண்டு, நான் அவற்றை வேகமாகக் கடந்துவிடுவேன். நிற்க வேண்டிய இடம் இரண்டு. ஒன்று, ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் சிலையின் பீடம்: 1792-இல் திப்புவின் இரண்டு சின்னப் பிள்ளைகளை அவரிடம் பிணையாக ஒப்படைக்கும் காட்சி. ஜெயித்தவர்கள் செய்த சிற்பம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளைகளைப் பாருங்கள். இரண்டாவது, 1947 ஆகஸ்ட் 15 அன்று இதே கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடி. பட்டுத் துணி, ஒளி அதிகம் படாமல் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரே நாளில், ஒரே கட்டடத்தில் பார்ப்பது பெரிய விஷயம். வெளியே வந்ததும் 1680-இல் கட்டிய புனித மேரி தேவாலயம் பக்கத்திலேயே இருக்கிறது.

படி 6: ஒரு முழு நாள் கிழக்குக் கடற்கரைச் சாலை

இங்கே மட்டும் என் கணக்கைக் கொஞ்சம் மீறி இரண்டு இடம். திருவான்மியூரிலிருந்து மகாபலிபுரம் பக்கம் போகும் பேருந்தில் ஏறினால் முதலில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம். 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் சென்னை ஓவியக் கல்லூரியைச் சேர்ந்த கலைஞர்களும் மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்ற பணத்தில் நிலம் வாங்கிக் குடியேறிய இடம். நவீன ஓவியம் புரியாது என்று தயங்குகிறவர்கள் பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் தொடங்குங்கள். ஜாதகக் கட்டம், எழுத்து மாதிரி இருந்தும் படிக்க முடியாத எழுத்து, கிறுக்கல். நம் வீட்டுப் பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்தவர்களுக்கு அது அந்நியமாகவே இருக்காது.

அங்கிருந்து முட்டுக்காடு. தட்சிணசித்ராவில் வீடுகள்தான் காட்சிப் பொருள். தென் மாநிலங்களில் இடிக்க இருந்த பழைய வீடுகளைத் தூண், கதவு, உத்தரம் எனப் பிரித்து எடுத்து வந்து மறுபடி கோத்து நிறுத்தியிருக்கிறார்கள், 1996-இல் திறந்தது. எல்லா வீட்டுக்கும் ஓட வேண்டாம். அக்கிரகாரத்து வீட்டில் திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என்று வரிசையாக நடந்து, வெளிச்சம் எங்கே குறைகிறது, காற்று எங்கே வருகிறது என்று உடம்பால் உணருங்கள். அப்புறம் செட்டிநாட்டு வீடு, அதன் தூண்களைத் தொட்டுப் பார்க்கலாம். கேரள வீட்டுக்குள் போனதும் மரவாசனை வேறு மாதிரி வரும். பாட்டியோ தாத்தாவோ இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். என் பெரியம்மா அங்கே உரலைப் பார்த்துவிட்டுச் சொன்ன கதைகள் எந்தப் பலகையிலும் எழுதியில்லை.

படி 7: அரை நாள் கிடைத்தால்

குழந்தைகளுக்கு வில்லிவாக்கம் பக்கம் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை அருகே இருக்கும் ரயில் மியூசியம், பழைய எஞ்சின்களும் பெட்டிகளும் திறந்தவெளியில் நிற்கும். ஓவியக் கண்காட்சிக்கு கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதெமி. திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி கோயிலுக்குப் போகும்போது பாரதியார் கடைசியாக வாழ்ந்த வீட்டுக்குள்ளும் போய்வாருங்கள். அங்கிருந்து நடந்தே கடற்கரைக்கு வந்தால் ஐஸ் ஹவுஸ், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் கட்டியது. 1897-இல் விவேகானந்தர் தங்கியதால் இப்போது விவேகானந்தர் இல்லம். அங்கே பார்த்து முடித்துவிட்டு சாலையைக் கடந்தால் மெரினா, சுண்டல் வாங்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்து அன்றைக்கு நோட்டில் வரைந்ததை எடுத்துப் பாருங்கள்.