மழை மாதக் களை வேறு, பிப்ரவரிக் களை வேறு

ஜொகூர்ப் பக்கம் செம்பனைத் தோட்டமானாலும் சரி, இங்கே சிங்கப்பூர்ப் பூங்காவில் வாடகைக்கு எடுத்த சின்னப் பாத்தியானாலும் சரி, களை மழையைப் பார்த்துத்தான் கிளம்பும்.

டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது மிகானியா கொடியைக் கவனியுங்கள். தண்டின் கணு மண்ணில் பட்டாலே வேர் விட்டுவிடும். அறுத்த துண்டுகளை உரக்குவியலில் போட்டால் நீங்களே நட்ட மாதிரிதான். பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். செம்பனை நிழலில்கூடத் தளராத அசிஸ்டேசியா என்ற களைச்செடியைக் காய் முற்றுமுன் பிடுங்கிவிட வேண்டும், முற்றினால் வெடித்து விதையைத் தெறிக்கவிடும். மண் ஈரமாக இருப்பதால் இரண்டுமே வேரோடு வரும்.

கோரைக்கு மட்டும் இந்த வழி உதவாது. இழுத்தால் இலைதான் கையோடு வரும், கிழங்கு உள்ளேயே இருந்து மறுபடி முளைக்கும். பிப்ரவரியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை மழை குறையும் நாட்கள்தான் இதற்குத் தோது. ஆழமாகக் கிளறி, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு போகும் கிழங்குகளை எடுத்து வெயிலில் காயவிடுங்கள். சுக்காகக் காய்ந்த கிழங்கு முளைக்காது. தட்டில் பரப்பினால், திடீர் மழைக்கு உள்ளே தூக்கி வைத்துக்கொள்ளலாம் (சிங்கப்பூர் வானத்தை நம்ப முடியாது!).

அப்புறம், கிளறிய இடத்தை வெறுமனே விடாதீர்கள். காய்ந்த இலைதழையைத் தடிமனாகப் பரப்பி மூடுங்கள். வெளிச்சம் படாவிட்டால் சிறு விதைகள் பலவும் எழாது.